காட்டுப் பாதையால் வந்த வண்டி

மாரி மழை ஓய்ந்த பின்னர் வன்னிப் பகுதியின் குளக்கட்டுகளிலும் காட்டுப் பாதைகளிலும் ஒரு முறையேனும் பிரயாணஞ் செய்தவர்கள், நான்கு சில்லுகளும் ஒருங்கே இழுக்கும் வண்டியின் அருமையை நன்கு அறிவார்கள். சேற்றிலும் மணலிலும் புதைந்தாலும் அது மீண்டு வந்துவிடுகிறது. ஆனால், வந்த வண்டியைக் கொட்டிலில் விட்டதும் நாம் அதனை மறந்துவிடுகிறோம். பாதை அதற்குச் செய்த தீங்கு யாதெனக் குனிந்து பார்ப்போர் மிகச் சிலரே. அத்தீங்கைக் கண்டறிதலும் திருத்துதலும் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

எனக்குத் தெரிந்த கமக்காரர் ஒருவரிடம் பழைய லாண்ட் றோவர் வண்டி ஒன்று இருந்தது. ஒரே ஆண்டில் அதன் பின்புறத்து இடப்பக்க வில் மூன்று முறை முறிந்தது. மூன்று முறையும் அவர் புதிய தகடு வாங்கிப் போட்டார். நான்காம் முறை, ஆட்களை ஏற்றிவந்த வேளையில், அச்சே இடம்பெயர்ந்து, பிறேக் எண்ணெய்க் குழாய் இழுபட்டு அறுந்தது. பிறேக் இல்லாத வண்டி வாய்க்காலில் இறங்கி நின்றது. உயிர்ச்சேதம் இல்லை என்பது அவர் செய்த புண்ணியம். புதிய தகடு ஏன் மீண்டும் மீண்டும் முறிந்தது? இக்கேள்விக்கு விடை காண, வில்லின் அமைப்பைச் சற்று அறிதல் வேண்டும்.

லாண்ட் றோவர் 1948ஆம் ஆண்டு அம்ஸ்ரடாம் நகரத்து மோட்டார்க் கண்காட்சியிலே முதன்முதலாக வைக்கப்பட்டது. 1985 வரை உற்பத்தியான அதன் பழைய வரிசை வண்டிகள் யாவும் தகட்டு வில்களின் மேலேயே நின்றன. இன்றும் பாரம் ஏற்றும் பிக்கப் வண்டிகள் பலவற்றின் பின்புறத்தில் இவ்வகை வில்லையே காண்கிறோம்.

உருக்குத் தகடுகள் பல, நீளத்துக்கேற்ப ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதே இவ்வில். மிக நீண்ட தாய்த்தகட்டின் இரு முனைகளும் கண்போல வளைக்கப்பட்டிருக்கும். ஒரு கண் அடிச்சட்டத்தோடு நேரே பிணைக்கப்பட்டுள்ளது. மற்றது, சக்கிள் என்னும் ஊசலாடும் இணைப்பினால் தொங்குகிறது. பாரத்தினால் வில் தட்டையாகும்போது அதன் நீளம் கூடுகின்றது. அந்நீட்சிக்கு இடங்கொடுப்பதே சக்கிளின் வேலை. தகடுகள் அனைத்தையும் நடுவே ஒரு போல்ற் கோத்து நிற்கிறது. அதன் தலை அச்சின் குழியிலே பொருந்தி, அச்சு நிற்கவேண்டிய இடத்தைக் காட்டுகிறது. அச்சையும் வில்லையும் இறுகக் கட்டுபவை யூ வடிவ போல்ற்றுகள்.

இங்கேதான் இரகசியம் இருக்கிறது. குழியும் கல்லும் நிறைந்த பாதையில் யூ போல்ற்றுகள் தளருமாயின், அதுவரை அசையாதிருந்த வில்லின் நடுப்பகுதியும் வளையத் தொடங்குகிறது. நடு போல்ற்றுக்காகத் துளையிட்ட இடமே தகட்டின் மிக வலிகுன்றிய இடம். ஆகவே தகடு அங்கே முறிகிறது, பின்னர் நடு போல்ற்றும் அறுகிறது, அச்சு நகர்கிறது. நம் கமக்காரர் மூன்று முறையும் முறிந்த தகட்டை மாற்றினார். தளர்ந்த சுரைகளை முறையாக முறுக்கவில்லை. நோயை விட்டு நோயின் அடையாளத்துக்கு மருந்திட்ட கதை இது.

ஆதலால், பயணம் முடிந்ததும் முதலிற் செய்யவேண்டியது வண்டியின் அடிப்பகுதியைக் கழுவுவதே. சேறு மறைக்கும் வெடிப்பைக் கண் காணாது. காய்ந்தபின் கம்பித் தூரிகையினால் தேய்த்துப் பாருங்கள். தகட்டின் குறுக்கே மயிரிழை போன்ற துருக்கோடு தெரிந்தால் அது வெடிப்பாக இருக்கலாம். யூ போல்ற்றின் அருகே இரும்பு பளபளவென்று தேய்ந்திருந்தால் அங்கே அசைவு உண்டு. பின்னர், முன்சில்லின் நடுவிலிருந்து பின்சில்லின் நடுவரை இரு பக்கமும் அளவுநாடா பிடித்துப் பாருங்கள். சில்லுகள் நேராக நிற்கையில் அளவுகள் தெளிவாக வேறுபட்டால், அச்சு நகர்ந்திருக்கிறதா என்று உடனே ஆராயவேண்டும். அதிர்வடக்கியில் எண்ணெய் கசிகிறதா, பிறேக் குழாய் உராய்ந்திருக்கிறதா என்பவற்றையும் நோக்குதல் அவசியம்.

முறிந்த தகட்டை ஒட்டவைக்கலாமே என்று சிலர் கேட்பர். வேண்டாம். வில்லுருக்கு, காய்ச்சித் தோய்த்துப் பதப்படுத்தப்பட்டது. ஒட்டும் வெப்பம் அப்பதத்தைக் கெடுத்துவிடும். ஒட்டிய இடத்தின் அருகே தகடு மீண்டும் முறியும். புதுத் தகடோ புது வில்லோ இடுவதே முறை. முழு வில்லை மாற்றுவதாயின், அதே அச்சின் மறுபக்கத்து வில்லையும் மாற்றுதல் நன்று. இல்லையேல் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்.

வேலை தொடங்குமுன் சமநிலத்தில் நிறுத்தி, நிலத்தில் நிற்கும் சில்லுகளுக்கு அடைகட்டை வையுங்கள். ஜக்கை மாத்திரம் நம்பி வண்டியின் கீழே ஒருபோதும் புகவேண்டாம். அடிச்சட்டத்தை உறுதியான தாங்கிகளின்மேல் இருத்துங்கள். அச்சுக்கும் தனியே தாங்கல் கொடுங்கள். அது பிறேக் குழாயில் தொங்கலாகாது. யூ போல்ற்றுகள் ஒருமுறை முறுக்கப்பட்டபின் நீண்டுவிடுவன. ஆகவே பழையவற்றை மீண்டும் இடாது, சுரைகளோடு புதியனவே இடுதல் வேண்டும்.

மற்றுமொன்று, பலர் தவறவிடுவது. வில்லின் கண்ணினுள்ளே புஷ் எனப்படும் றப்பர் உறை உண்டு. வண்டி அந்தரத்தில் நிற்கும்போதே அதன் போல்ற்றை இறுக்கினால், வண்டி கீழிறங்கியதும் றப்பர் முறுகிச் சில காலத்தில் கிழிந்துவிடும். முதலில் இலேசாக முறுக்கி, சில்லுகள் நிலத்தில் ஊன்றி வண்டியின் முழுப்பாரமும் வில்லின்மேல் வந்தபின்னரே இறுதியாக இறுக்கவேண்டும். எவ்வளவு இறுக்குவதென்பதை வண்டியின் கைந்நூல் கூறும். சில நூறு மைல் ஓடியபின் யூ போல்ற்றுகளை மறுபடியும் முறுக்கிப் பார்த்தாலன்றி அவ்வேலை முடிந்ததாகாது.

நடுக்காட்டிலே வில் முறிந்தால் யாது செய்வது? ஆட்களை இறக்கிவிடுங்கள், பாரத்தைக் குறையுங்கள். அச்சுக்கும் அடிச்சட்டத்துக்கும் இடையே மரக்கட்டை ஒன்றை வைத்துச் சங்கிலியால் இறுகக் கட்டி, நடைவேகத்தில் வெளியேறுங்கள். அது வீடுவந்து சேர்வதற்கான உபாயம் மாத்திரமே.

அந்தக் கமக்காரர் இப்பொழுது ஒவ்வொரு பயணத்தின் பின்னும் ஒரு சாக்கை விரித்து, வண்டியின் கீழே படுத்து, சுரைகளைத் தொட்டுப் பார்க்கிறார். அதற்குப் பத்து நிமிடம் செல்கிறது. வண்டியில் ஏறுவோர் அதைக் காண்பதில்லை. ஆயினும் அவர்கள் பத்திரமாக வீடு சேர்வது அந்தப் பத்து நிமிடத்தினால்தான்.