காணாமல் போன சுங்கை மூடா தொகுதி



சுங்கை மூடா என்றால் கெடா மக்களுக்கு ஆறு ஞாபகம் வரும். அந்தப் பெயரில் ஒரு தேர்தல் தொகுதி இருந்தது எத்தனை பேருக்குத் தெரியும்?

1955 ஜூலை 27. மலாயாவின் முதல் பொதுத்தேர்தல். மொத்தம் 52 தொகுதிகள். 51-ஐக் கூட்டணி வென்றது. சுங்கை மூடாவில் வென்றவர் துங்கு அப்துல் ரஹ்மான். அந்தத் தேர்தலுக்குப் பின் முதலமைச்சரானார், 1957-இல் பிரதமரானார். 1959-இல் தொகுதிகள் 104 ஆயின. சுங்கை மூடா மறைந்தது. துங்கு கோலக்கெடாவில் நின்று வென்றார்.

சரி, 1955-இல் கெடா தோட்டங்களில் பால்மரம் சீவிய நம் தாத்தா பாட்டிகள் எங்கே நின்றார்கள்? பெரும்பாலோர் வேடிக்கை பார்த்தார்கள். கூட்டரசுக் குடியுரிமை உள்ளவருக்கே ஓட்டு. நாடு முழுவதும் வாக்காளர்களில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இந்தியர் இல்லை. உழைப்பு இருந்தது, ஓட்டு இல்லை.

இன்று நிலைமை வேறு. 2021 டிசம்பர் 15 முதல், 18 வயதான குடிமக்கள் தாமாகவே வாக்காளராகிறார்கள். ஆனால் தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்த பிறகும் அடையாளக் கார்டில் பழைய முகவரியை வைத்திருப்பவர்கள் நம்மில் உண்டு. ஆள் இங்கே, ஓட்டு அங்கே! சிவப்பு அடையாளக் கார்டோடு காலம் தள்ளும் பெரியவர்களும் உண்டு.

இந்த வாரமே வீட்டில் எல்லோருடைய கார்டையும் எடுத்துப் பாருங்கள். முகவரியை மாற்றுங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு மனு எழுதிக் கொடுங்கள்.

தொகுதி மறையலாம், நம் ஓட்டு மறையக்கூடாது.