சல்லடைக்கு எட்டாத செல்வங்கள்

(தொடக்கப்பள்ளி ஆசிரியர் - பெற்றோர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



மீத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கு இளமையிலேயே தனிப்பயிற்சி வேண்டும் என்பதில் ஐயமில்லை. பறக்க வல்ல சிறகைக் கட்டிவைப்பது கொடுமை. ஆனால், அப்பிள்ளைகள் யார் என்று கண்டறியும் முறை நேர்மையானதா? ஆறேழு அகவைப் பிள்ளைகளைப் பிரித்து நிறுத்துமுன் விடை காண வேண்டிய வினா இதுவே.

பிரான்சு நாட்டின் ஆல்பிரெட் பினே, சீமோன் என்பாருடன் இணைந்து, 1905-இல் அறிவளக்கும் முறை ஒன்றை வகுத்தார். படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைக் கண்டு கைதூக்கிவிடுவதே அதன் நோக்கம். அமெரிக்காவின் இசுடான்போர்டுப் பல்கலைக்கழக உளநூலறிஞர் லூயிசு தெர்மன் 1916-இல் அதனைத் திருத்தியமைத்தார். 1921-இல் கலிபோர்னியாவில் மீத்திறன் பிள்ளைகளைத் தேடத் தொடங்கினார். பெரும்பாலும் ஆசிரியர் சுட்டிய பிள்ளைகளே முதலில் அளக்கப்பட்டனர். ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் தெரிந்தெடுக்கப்பட்டனர். அளந்து பார்த்து, 'போதாது' எனத் தள்ளப்பட்ட சிறுவருள் இருவர் வில்லியம் சாக்குலியும் லூயிசு ஆல்வாரெசும் ஆவர். முன்னவர் 1956-இலும் பின்னவர் 1968-இலும் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். தெரிந்தெடுக்கப்பட்டோருள் ஒருவரும் அப்பரிசை எய்தவில்லை!

அளவுகோல் தவறுவது ஒருபுறம். அளவுகோலின் அருகே வரவே விடாமல் பிள்ளைகளைத் தடுப்பது அதனினும் பெருந்தவறு. இதற்குச் சான்று அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துப் புரோவார்டு மாவட்டம்.

அங்கே 2005-க்கு முன்பு, பெற்றோரோ ஆசிரியரோ பரிந்துரைத்த பிள்ளைகளே மீத்திறன் தேர்வுக்கு அனுப்பப்பட்டனர். 2005-இல் அம்முறை மாறிற்று. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவர்க்கும், சொல்லறிவை நம்பாமல் வடிவங்களைக் கொண்டு எண்ணச் செய்யும் முதல்நிலைத் தேர்வு வைக்கப்பட்டது. அதில் தேறியோர் முழுத்தேர்வுக்கு அனுப்பப்பட்டனர். தகுதிக்கோடு ஒரு விரற்கடையும் தாழ்த்தப்படவில்லை. விளைவு என்ன? மீத்திறன் பிரிவில் இடம்பெற்ற இசுப்பானிய வழியினப் பிள்ளைகளின் வீதம் 130 விழுக்காடும், கருப்பினப் பிள்ளைகளின் வீதம் 80 விழுக்காடும் உயர்ந்தன! இதனை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டோர் தேவிடு கார்டு, இலாரா சூலியானோ என்னும் பொருளியல் அறிஞர்கள்.

ஓராண்டிலா அப்பிள்ளைகளுக்கு அறிவு முளைத்தது? அறிவு முன்பே இருந்தது. பார்க்கும் கண்தான் இல்லை. விடுபட்டோருள் ஏழைப் பிள்ளைகளும், வீட்டில் வேறு மொழி பேசி ஆங்கிலத்தைப் புதிதாய்க் கற்ற பிள்ளைகளும் மிகுதி. நா தடுமாறினால் அறிவும் தடுமாறும் என்று கருதிவிடுவது எளிது. பின்னர்ப் பொருள்முடையால் அனைவர்க்குமான தேர்வு நிறுத்தப்பட்டபோது, பழைய ஏற்றத்தாழ்வே மீண்டும் தலைதூக்கிற்று.

இன்னுமொரு செய்தியும் உண்டு. அம்மாவட்டத்தில் நான்காம் வகுப்பு மீத்திறன் பிரிவுகளில் எஞ்சிய இடங்கள், மீத்திறன் கோட்டை எட்டாவிடினும் பாடங்களில் முன்னின்ற பிள்ளைகளுக்கு வழங்கப்பட்டன. அவர்களுள் கருப்பினப் பிள்ளைகளும் இசுப்பானிய வழியினப் பிள்ளைகளும் படிப்பிலும் கணக்கிலும் பெரிதும் உயர்ந்தனர். கோட்டிற்குக் கீழே நின்றவர்க்கே பயன் மிகுந்தது! அவ்வாறாயின், கோட்டைக் காவல் காப்பதா பெரிது? கதவைத் திறப்பதன்றோ பெரிது!

பெற்றோரே! ஆங்கிலப் பாட்டை ஒப்பிக்கும் பிள்ளையை 'அறிவாளி' என்று மெச்சுவதும், 'நிலா ஏன் கூடவே வருகிறது?' என்று தமிழில் வினவும் பிள்ளையை 'வாயாடி' என்று அடக்குவதும் இங்கே காணாத காட்சிகளா? எந்தப் பிள்ளையின் அறிவும் முதலில் தாய்மொழியில்தான் வாய் திறக்கும். அம்மொழியில் அதனைக் கேளாதவர்க்கு அவ்வறிவு புலப்படாது.

ஆசிரியப் பெருமக்களே! வகுப்பின் கடைசி வரிசையையும் பாருங்கள். பரிந்துரைக்க ஆளில்லாத பிள்ளையையும் பாருங்கள். எல்லாப் பிள்ளைகளையும் பாருங்கள். அவரவர் மொழியில் பேசவிட்டுக் கேளுங்கள். ஒருமுறை தவறியவர்க்கு மறுமுறையும் வாய்ப்பளியுங்கள். ஏழு அகவையில் எழுதப்படும் தீர்ப்பு எழுபது அகவை வரை ஒரு வாழ்வை அழுத்தக்கூடும். அத்தீர்ப்பை எழுதும் கை சற்றே நடுங்கட்டும்!