முதல் பணம் மானிட்டருக்கு

முகூர்த்த மாதங்கள் முடிந்து ஆல்பம் வேலை குவியும்போதுதான் புதுக் கம்ப்யூட்டர் வாங்கும் யோசனை வரும். சின்ன ஊரில் ஸ்டுடியோ வைத்திருப்பவர், வேலைக்குப் போய்க்கொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவைத் தூக்குகிற இளைஞர், விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கும் பெண்ணுக்கு வாங்கித்தர நினைக்கும் அப்பா, யாராக இருந்தாலும் கையில் இருக்கும் பணம் அளவோடுதான் இருக்கும். எழுபதாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சென்னை ரிச்சி தெருவுக்குப் போனாலும் சரி, உங்கள் ஊர்க் கடைக்குப் போனாலும் சரி, பேச்சு பிராசஸரில் ஆரம்பிக்கும். ஐ-5 போடலாமா, ஐ-7 போடலாமா, கிராபிக்ஸ் கார்டு எத்தனை ஜி.பி. வேண்டும்? கொட்டேஷனின் கடைசி வரியில்தான் மானிட்டர் வரும். மிச்சமிருக்கும் பணத்துக்கு எது கிடைக்கிறதோ அது.

போட்டோ எடிட்டிங்குக்காக வாங்குகிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் மானிட்டர். எழுபதாயிரத்தில் பதினெட்டு, இருபதாயிரத்தை அதற்கென்று தனியாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் மற்றதைப் பார்க்க வேண்டும்.

காரணம் இதுதான். பிராசஸர் கொஞ்சம் மெதுவாக இருந்தால் சில நொடிகள் காத்திருப்பீர்கள், படம் கெடாது. மானிட்டர் பொய் சொன்னால் நீங்கள் திருத்தும் ஒவ்வொரு படமும் தப்பாகப் போகும். திரையில் மணப்பெண்ணின் முகம் பளிச்சென்று இருக்கும். பிரிண்ட் வந்தால் கறுத்துப் போயிருக்கும். லேப்காரர் சரியாகப் போடவில்லை என்று சண்டைக்குப் போவோம். பல ஊர்களில் ஸ்டுடியோவுக்கும் லேப்புக்கும் நடுவே இருக்கும் மனத்தாங்கலுக்கு மலிவான ஒரு திரைதான் காரணம் என்பதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

மானிட்டரில் என்ன பார்க்க வேண்டும்? ஐ.பி.எஸ். பேனலா என்று கேளுங்கள். பழைய டி.என். பேனலில் தலையைக் கொஞ்சம் சாய்த்தாலே நிறம் மாறும். அடுத்து, எஸ்.ஆர்.ஜி.பி. வண்ணங்களை நூறு சதவீதம், அல்லது அதை ஒட்டிக் காட்டுமா என்று பாருங்கள். எஸ்.ஆர்.ஜி.பி. என்பது 1996-இல் ஹெச்.பி.யும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து வகுத்த வண்ண அளவு. இணையம் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் ஓடுகிறது. பெரும்பாலான லேப்களும் எஸ்.ஆர்.ஜி.பி.யில் சேமித்த ஜேபெக் கோப்பையே கேட்கின்றன. ஆகவே, அதைவிட அகன்ற அடோபி ஆர்.ஜி.பி. வண்ணங்களைக் காட்டும் விலை உயர்ந்த மானிட்டர் நம் வேலைக்கு அவசியமில்லை. லேப்டாப் வாங்குவதாக இருந்தால் விவரப் பட்டியலில் '45 சதவீதம் என்.டி.எஸ்.சி.' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் விட்டுவிடுங்கள். எஸ்.ஆர்.ஜி.பி. வண்ணங்களில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட அந்தத் திரை முழுதாகக் காட்டாது.

எண்களை நம்பி மட்டும் வாங்க வேண்டாம். கடைக்குப் போகும்போது பென் டிரைவில் நீங்களே எடுத்த மூன்று படங்களைக் கொண்டுபோங்கள். அரக்குப் பட்டுப் புடவை ஒன்று, வெயிலில் நிற்கும் வெள்ளை வேட்டி ஒன்று, கறுப்புக் கோட்டு போட்ட மாப்பிள்ளை ஒன்று. இந்த மூன்றுக்கும் லேப்பில் போட்ட பிரிண்ட்டும் கையில் இருக்கட்டும். அரக்குப் புடவையின் மடிப்புகள் திரையில் தனித்தனியாகத் தெரிகின்றனவா, ஒரே சிவப்புப் பூச்சாகிவிடுகிறதா? வேட்டியின் கசங்கல் தெரிகிறதா, வெறும் வெள்ளையா? கோட்டின் காலர் எங்கே முடிகிறது, தலைமுடி எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடிகிறதா? பிரிண்ட்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். கடைக்காரர் வெளிச்சத்தை உச்சத்தில் வைத்திருப்பார். அதைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் பாருங்கள். வாங்குகிறவர் பிரிண்ட்டும் கையுமாக வந்து நின்றால், கடைக்காரரும் அக்கறையாக நாலு மானிட்டரை மாற்றி மாற்றிக் காட்டுவார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வெளிச்சத்தைக் குறைத்தே வைத்திருங்கள். திரை கண் கூசும்படி இருந்தால், படத்தை நம்மை அறியாமலே இருட்டாக்கிவிடுவோம். விவிட் மோடு, டைனமிக் கான்ட்ராஸ்ட், நைட் லைட் மூன்றையும் அணைத்துவிடுங்கள். திரையின் வண்ணத்தை அளந்து சரிசெய்ய கேலிபிரேட்டர் என்ற சின்னக் கருவி இருக்கிறது. தனியாக வாங்கக் கட்டாது. ஊரில் நாலு ஸ்டுடியோக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கி மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது ராம். பன்னிரண்டுக்கு முப்பத்தாறு அங்குல ஆல்பம் தாள், நம் ஊரில் எல்லாரும் போடும் அளவு. அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் அது 3,600-க்கு 10,800. ஏறக்குறைய 3 கோடியே 89 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு மூன்று பைட் என்று கணக்கிட்டால், தாள் முழுவதும் பரவும் ஒரே ஒரு லேயருக்கு 110 எம்.பி.க்கு மேல் போகிறது. பின்னணி, பூ வேலை, ஐந்தாறு படங்கள், செய்த மாற்றத்தைத் திரும்ப எடுக்க வைத்திருக்கும் ஹிஸ்டரி என்று சேரும்போது 8 ஜி.பி. ராம் திணறிப்போகும். ராம் நிரம்பியதும் போட்டோஷாப் மிச்சத்தை டிஸ்க்கில் எழுத ஆரம்பிக்கும். அங்கும் இடம் இல்லாதபோது வருவதுதான் 'ஸ்கிராட்ச் டிஸ்க் ஃபுல்' என்ற செய்தி. அதைப் பார்க்காத டிசைனர் யாரும் இருக்க மாட்டார்கள். எனவே 16 ஜி.பி. வேண்டும், 32 வரை ஏற்றிக்கொள்ள இடமுள்ள மதர்போர்டு வேண்டும். சில லேப்டாப்களில் ராமை போர்டோடு சேர்த்தே பற்றவைத்துவிடுகிறார்கள். பின்னால் கூட்ட முடியாது. வாங்கும்போதே கேளுங்கள்.

உங்களிடம் ஏற்கெனவே கம்ப்யூட்டர் இருந்தால், புதிது வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஆல்பம் கோப்பு ஒன்றைத் திறந்துவைத்துக்கொண்டு டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். மெமரி நிரம்பிக் கிடந்து, பிராசஸர் சும்மா இருந்தால், கூடுதல் ராமும் ஒரு எஸ்.எஸ்.டி.யுமே போதும். மிச்சப் பணத்தில் நல்ல மானிட்டர் வாங்கிவிடலாம்.

எஸ்.எஸ்.டி. இல்லாமல் இன்று எடிட்டிங் இல்லை. ஒரு கல்யாணத்தில் 1,500 ரா கோப்புகள், ஒவ்வொன்றும் 25 முதல் 30 எம்.பி. என்றால் 40 ஜி.பி. வந்துவிடுகிறது. ஹார்டு டிஸ்க் நொடிக்கு 150 எம்.பி. படித்தால், என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி. சாதாரணமாக 3,000 எம்.பி. படிக்கும். நடக்கும் வேலை எஸ்.எஸ்.டி.யில், முடிந்த வேலை ஹார்டு டிஸ்க்கில் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பிராசஸருக்கு ஆறு கோர் உள்ள, அண்மைத் தலைமுறை ரைசன் 5 அல்லது கோர் ஐ-5 போதும். பழைய தலைமுறை ஐ-7-ஐவிடப் புதிய ஐ-5 பல நேரம் வேகமானது. பெயரை வைத்து ஏமாற வேண்டாம். முகம் துடைப்பதற்கும் நிறம் திருத்துவதற்கும் ஆல்பம் வடிவமைப்பதற்கும் பிராசஸரோடு வரும் கிராபிக்ஸே போதும். வெளிச்சம் குறைந்த மண்டபத்தில் எடுத்த படங்களுக்கு, 2023 ஏப்ரலில் லைட்ரூமில் வந்த டினாய்ஸ் வசதியை நிறையப் பயன்படுத்துவீர்கள் என்றாலோ, வீடியோ எடிட்டிங்கும் உண்டு என்றாலோ, தனி கார்டைப் பற்றி யோசியுங்கள்.

அசெம்பிள் செய்ய விருப்பமில்லாதவர்களுக்கு மேக் மினி நல்ல வழி. 2024-இல் எம்-4 சிப்போடு, 16 ஜி.பி. மெமரியோடு 59,900 ரூபாய்க்கு இந்தியாவில் அறிமுகமானது. உள்ளே இடம் 256 ஜி.பி.தான், மெமரியைக் கூட்டவும் முடியாது, வெளியே எஸ்.எஸ்.டி. மாட்ட வேண்டிவரும், மானிட்டரையும் சேர்த்தால் எழுபதாயிரத்தைத் தாண்டும். இன்னும் குறைவாகச் செலவிட வேண்டுமென்றால், அலுவலகங்கள் கழித்த ரீஃபர்பிஷ்டு டெஸ்க்டாப் வாங்கலாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. ஆகவே விண்டோஸ் 11 ஏற்கும்படி, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள். இவற்றில் சில வரும் குட்டிக் கேபினட்டில் சாதாரண கிராபிக்ஸ் கார்டும் சாதாரண எஸ்.எம்.பி.எஸ்.ஸும் நுழையாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மென்பொருளுக்கு மாதச் சந்தா கட்ட முடியாதவர்கள், ரா படங்களுக்கு டார்க்டேபிளையும் மற்ற திருத்தங்களுக்கு கிம்ப்பையும் இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம். பழகக் கொஞ்சம் நாளாகும். பழகிய பிறகு தொழில் நடத்தும் அளவுக்கு நல்லவை.

கொட்டேஷனில் இரண்டு வரிகளை நீங்களே சொல்லிச் சேர்க்க வேண்டும். ஒன்று யு.பி.எஸ். சேமிக்கும் நேரத்தில் கரண்ட் போனால் கோப்பே கெட்டுப்போகலாம். இன்னொன்று, பேக்கப் எடுக்க வெளியே மாட்டும் ஹார்டு டிஸ்க். தாலி கட்டும் படத்தை மறுபடி எடுக்க முடியாது. கம்ப்யூட்டரில் ஒரு பிரதி, வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி, இரண்டையும் திறந்து பார்த்த பிறகுதான் கேமராவின் மெமரி கார்டை ஃபார்மேட் செய்ய வேண்டும். கிராபிக்ஸ் கார்டுக்கென்று வைத்த பணத்தில் இந்த இரண்டும் வந்துவிடும்.