கிண்ணத்தை எடுத்தவனுக்குப் பெயரில்லை

(ஆங்கில இலக்கிய மாணவர்களின் வாசிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'தொடக்கக் கால ஆங்கில இலக்கியம்: வீரகாவியத்திலிருந்து அங்கதம் வரை' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக் கதை. ஒரு மணி நேரத்தில் சொல்லி முடிக்க முடியாது. அதனால் பெரும்பகுதியை விட்டுவிடப் போகிறேன். ஷேக்ஸ்பியரும் மில்டனும் இன்று வர மாட்டார்கள். அவர்களுக்கு மேடைப் பஞ்சம் இல்லை.

உள்ளே வரும்போது ஒரு தோழர் கேட்டார்: "இதெல்லாம் வெள்ளைக்கார ராஜா கதைதானே சார்? பரீட்சை எழுதிட்டு மறந்துட வேண்டியதுதானே?" நியாயமான கேள்வி. நானும் அப்படித்தான் எழுதினேன், மறந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். முதலாம் ஆண்டில் பேவுல்ஃப் பாடம். நூலைப் படிக்கவில்லை, கடையில் விற்ற நோட்ஸைப் படித்தேன். 'பேவுல்ஃபின் குணநலன்களை விவரி', பத்து மதிப்பெண். வீரம், விசுவாசம், வள்ளல் தன்மை என்று மூன்று பக்கம் எழுதினேன். நல்ல மதிப்பெண்ணும் வந்தது. பல வருடம் கழித்து, பாடம் நடத்துகிறவனாக ஆன பிறகுதான், மொழிபெயர்ப்பில் அந்தக் காவியத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். அதில் ஒருவன் இருந்தான். நோட்ஸில் அவன் இல்லை.

கதையின் கடைசிப் பகுதி உங்களுக்குத் தெரியும். பேவுல்ஃப் கிழவனாகிவிட்டான், ஐம்பது வருடம் அரசாண்டுவிட்டான். ஒரு டிராகன் முந்நூறு வருடமாக ஒரு புதையலைக் காத்துக்கொண்டு கிடக்கிறது. யாரோ ஒருவன் உள்ளே புகுந்து ஒரு கிண்ணத்தை எடுத்துவிடுகிறான். டிராகன் நாட்டை எரிக்கிறது. பேவுல்ஃப் அதோடு சண்டையிட்டுச் சாகிறான். 3182 வரிக் காவியம் அந்த ஒரு கிண்ணத்தால் முடிவுக்கு வருகிறது.

யார் அந்த ஒருவன்? பேராசைக்காரத் திருடன் இல்லை. அடி தாங்காமல் எஜமானிடமிருந்து ஓடி வந்தவன். ஒதுங்க இடம் தேடிப் போனவன் டிராகனின் குகைக்குள் போய்விடுகிறான். கிண்ணத்தைக் கொண்டுபோய் எஜமானிடம் கொடுத்துத்தான் மன்னிப்புக் கேட்கிறான். எஜமான் கிண்ணத்தை வாங்கிக்கொள்கிறான். அது கைமாறி பேவுல்ஃபிடம் வருகிறது. டிராகனைத் தேடி பேவுல்ஃப் புறப்படும்போது அவனோடு பதினொரு வீரர்கள். பதின்மூன்றாவது ஆளாக இவனையும் இழுத்துப் போகிறார்கள், அவனுக்கு விருப்பமில்லை. ஆனால் வழி தெரிந்தவன் அவன் ஒருவன்தான். குகையைக் காட்டியதும் காவியம் அவனை மறந்துவிடுகிறது. பிழைத்தானா, செத்தானா? ஒரு சொல் இல்லை.

இன்னொன்று கேளுங்கள். பேவுல்ஃபுக்கு உலகத்தில் இருப்பது ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி. கி.பி. 1000ஐ ஒட்டி எழுதப்பட்டது, இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. 1731இல் அது வைக்கப்பட்டிருந்த வீடே தீப்பிடித்தது. ஓரங்கள் கருகி, நூல் தப்பியது. இந்த மனிதன் கதைக்குள் வருகிற தாள் மிகவும் சிதைந்த தாள்களில் ஒன்று. அவன் இன்னார் என்று சொல்லும் அந்தச் சொல்லில் தெளிவாகத் தெரிவது முதல் எழுத்து மட்டும்தான். பழைய ஆங்கிலத்தில் அந்த எழுத்தில் தொடங்கும் மூன்று சொற்களைப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள் அறிஞர்கள். 'தேயோ' என்றால் அடிமை. 'தேயோஃப்' என்றால் திருடன். 'தேய்ன்' என்றால் பிரபுவின் பணியிலிருக்கும் கௌரவமான ஆள். ஒரே எழுத்து, அதன் பிறகு நீங்கள் எதை நிரப்புகிறீர்களோ அதுதான் அவன். இன்றைக்குப் பெரும்பாலான பதிப்புகள் அடிமை என்றே போடுகின்றன. சவுக்கடிக்குப் பயந்து ஓடுகிற கௌரவமான ஆளை எங்கே தேடுவது?

தோழர்களே, அந்தக் காலத்து இங்கிலாந்தில் அடிமைகள் அபூர்வமாக இருக்கவில்லை. வெஸ்ஸெக்ஸ் நாட்டுச் சட்டத்தில் ஒருவனைக் கொன்றால் அவன் குடும்பத்துக்குக் கட்ட வேண்டிய உயிர்விலை உண்டு. பிரபு என்றால் 1200 ஷில்லிங், சாதாரணக் குடியானவன் என்றால் 200 ஷில்லிங். அடிமைக்கு உயிர்விலையே கிடையாது. உடைமைக்காரனுக்கு நட்டம் கொடுத்தால் போதும். மாடு செத்தால் கொடுப்பது போல. (மனுவைப் புரட்டியவர்களுக்கு இந்த விலைப்பட்டியல் புதிதாக இருக்காது.) 1086இல் நார்மன் மன்னன் எடுத்த டூம்ஸ்டே கணக்கெடுப்பில் சுமார் 28,000 அடிமைகள் பதிவாகியிருக்கிறார்கள். பதிவான மக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர். ஹெயரோட் மண்டபத்தில் வீரர்கள் குடித்தார்கள், யாழ் ஒலித்தது, மோதிரங்கள் பரிசாகப் பறந்தன. அந்த மதுவுக்கான தானியத்தை உழுதவன் எங்கே என்று காவியத்திடம் கேட்டால் பதில் இல்லை.

பதில் இன்னொரு இடத்தில் இருக்கிறது, யாரும் இலக்கியம் என்று எடுத்துக்கொள்ளாத ஓரிடத்தில். எல்ஃப்ரிக் என்ற துறவி, மடத்துச் சிறுவர்களுக்கு லத்தீன் பேசக் கற்றுக்கொடுக்க ஓர் உரையாடல் எழுதினார். பத்தாம் நூற்றாண்டின் கடைசி. ஒவ்வொரு பையனும் ஒரு தொழிலாளியாக நடிக்க வேண்டும். உழவனாக நடிக்கிறவன் சொல்கிறான்: விடியும்போதே மாட்டை ஓட்டிக்கொண்டு போக வேண்டும், எஜமானுக்குப் பயந்து எந்தக் குளிரிலும் வீட்டில் இருக்க முடியாது, தினம் ஒரு ஏக்கராவது உழுதாக வேண்டும், மாடு விரட்டும் பையனுக்குக் குளிரிலும் கத்திக் கத்தியும் தொண்டை கட்டிவிட்டது. இவ்வளவும் கஷ்டம்தானா என்று ஆசிரியர் கேட்க, கஷ்டம்தான், நான் சுதந்திரமானவன் இல்லையே என்கிறான். அந்தக் காலத்தின் மாபெரும் காவியம் சொல்லாததை ஓர் இலக்கணப் பயிற்சி சொல்லியிருக்கிறது. இரவல் வாய்தான், நடிப்புதான். ஆனாலும் அந்தத் தொண்டை கட்டிய பையன் என் நினைவிலிருந்து போகவே மாட்டேன் என்கிறான்.

கோட்பாடு படித்த இளம் தோழர்கள் சிலர் கிரெண்டலை நம் ஆளாக்கப் பார்க்கிறார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது. அவன் கெய்னின் வம்சம், பிறப்பிலேயே சபிக்கப்பட்டவன், ஊருக்கு வெளியே சதுப்பில் வாழ்கிறவன், மண்டபத்தின் பாட்டைக் கேட்டு வெளியே நின்று வேதனைப்படுகிறவன். பிறப்பால் வரும் பழி எப்படி எழுதப்படுகிறது என்று பார்க்க அவன் முக்கியமானவன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தோழர்களே, அவன் ஆளைத் தின்கிறான்! ஒடுக்கப்பட்டவனைத் தேடும்போது ஏன் நேரே அரக்கனிடம் போகிறோம்? பதின்மூன்றாவது ஆள் அதே காவியத்தில் நடந்து போகிறான், மனிதனாகவே. அவனை விட்டுவிட்டு அரக்கனுக்கு வக்காலத்து வாங்குவது, நம்மை அரக்கன் என்று சொன்னவன் பேச்சைப் பாதி ஒத்துக்கொள்வது போலத்தான் எனக்குப் படுகிறது.

பெயர் தெரிந்த முதல் ஆங்கிலக் கவிஞர் யார்? மாடு மேய்த்தவர். கேட்மன். ஏழாம் நூற்றாண்டு, விட்பி மடம். பீட் என்ற துறவி 731இல் முடித்த வரலாற்று நூலில் இவர் கதை வருகிறது. விருந்துகளில் யாழ் ஒவ்வொருவர் கையாக வரும். வாங்கியவர் பாட வேண்டும். தன் பக்கம் யாழ் நெருங்குவதைப் பார்த்தால் கேட்மன் எழுந்து வெளியே போய்விடுவார். பாடத் தெரியாது. அப்படி ஓர் இரவு மாட்டுக்கொட்டகையில் படுத்துக் கிடந்தபோது கனவில் பாட்டு வந்தது என்கிறார் பீட். நமக்குத் தெரியும் அந்த எழுந்து போதல். வகுப்பில் கேள்வி வரிசையாக வரும்போது, நம் முறை வருவதற்குள் தண்ணீர் குடிக்க அனுமதி கேட்டு வெளியே போயிருக்கிறோம். கேட்மனுக்கு எழுத்து தெரியாது. மற்றவர்கள் படித்துக் காட்டினார்கள், அசைபோடும் விலங்கைப் போல அசைபோட்டுப் பாட்டாக்கினார் என்று எழுதுகிறார் பீட். பாராட்டாகத்தான். மாட்டுக்காரருக்கு உவமை தேடும்போது அசைபோடும் விலங்குதான் கிடைத்தது பாருங்கள்.

இங்கிருந்து அங்கதத்துக்கு வருவோம். அங்கதம் என்றாலே அதிகாரத்தை அடிப்பது என்று நினைக்கிறோம். இல்லை. சாட்டை யார் கையிலும் இருக்கலாம்.

1348இல் கொள்ளைநோய் வந்து மக்களில் பெரும்பகுதி செத்தபோது, மிஞ்சிய உழைப்பாளிகள் கூடுதல் கூலி கேட்டார்கள். 1351இல் பழைய கூலிக்கு மேல் கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். பிறகு தலைவரி, ஒரு தலைக்கு ஒரு ஷில்லிங். 1381இல் விவசாயிகள் லண்டனுக்குள் நுழைந்தார்கள். ஜான் பால் என்ற பாதிரி, ஆதாம் ஏவாள் காலத்தில் மேன்மக்கள் என்று யார் இருந்தார்கள் என்று கேட்டார். அவரைத் தூக்கிலிட்டு உடலைக் கூறுபோட்டார்கள்.

கவிஞர்கள் என்ன செய்தார்கள்? கென்ட்டில் நிலம் வைத்திருந்த கவிஞர் கோவர், லத்தீனில் எழுதிய நீண்ட கவிதையில் கலகக்காரர்களைக் கழுதைகளாக, மாடுகளாக, பன்றிகளாக, நாய்களாக மாற்றினார். இதுவும் அங்கதம்தான், பாடத்திட்டத்தில் அப்படித்தான் வரும். சாசர் அப்போது லண்டனின் ஆல்ட்கேட் வாயிலுக்கு மேலே குடியிருந்தார். எஸ்ஸெக்ஸ் கலகக்காரர்கள் வந்த வாயில் அது. அவ்வளவு அருகில் இருந்தும், தன் எழுத்தில் அந்தக் கலகத்தை அவர் வெளிப்படையாகச் சொல்வது ஒரே ஓர் இடத்தில்: நரியைத் துரத்துகிறவர்கள் போட்ட கூச்சலுக்கு உவமையாக. 'கேன்டர்பரி கதைகள்' பயணிகளில் ஓர் உழவர் இருக்கிறார். எரு சுமப்பவர், ஏழைகளுக்குக் கூலி வாங்காமல் உழைப்பவர், பத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்கு ஒழுங்காகக் கட்டுபவர். நல்லவர், மிக நல்லவர். அவருக்குக் கதை கிடையாது. சாசருக்கு நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். குதிரைவீரர் கதை சொன்ன பிறகு அடுத்து துறவி என்று வரிசை போடும்போது, குடித்துவிட்டு மாவு மில்காரர் குறுக்கே புகுந்து நான்தான் சொல்வேன் என்கிறார், சொல்லியும் விடுகிறார். வரிசையை உடைத்தவர் வாயில் கதை இருந்தது. வரிசையில் ஒழுங்காக நின்ற உழவர் வாயில் இல்லை.

கேள்வி கேட்ட தோழருக்கு இப்போது பதில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பாடம் நமக்கு எப்படி வந்தது? 1835இல் மெக்காலே குறிப்பு. அதன் பின் ஆங்கில இலக்கியம் இங்கே அரசு செலவில் பாடமானது. ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியத்துக்கெனத் தனிப் பட்டப்படிப்பு 1894இல்தான் வந்தது. ஆள்கிறவனின் மண்டபம் எவ்வளவு உயர்ந்தது என்று காட்டத்தான் கொண்டுவந்தார்கள். ஆனால் மண்டபத்துக்குள் போய்விட்டால், யார் பரிமாறுகிறார்கள் என்று பார்க்க நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் காவியங்களில் இதே கேள்வியைக் கேட்டால் வகுப்பிலேயே யாராவது புண்படுவார்கள். பேவுல்ஃபில் கேட்டால் இங்கே ஒருவரும் புண்படமாட்டார்கள். கண்ணைப் பழக்க நல்ல இடம். பழகிய கண்ணோடு வீட்டுக்கு வாருங்கள்.

கடைசியாக ஸ்விஃப்ட். 1729இல் அவர் எழுதிய 'எளிய யோசனை' உங்களுக்குத் தெரியும்: அயர்லாந்தின் ஏழைக் குழந்தைகள் 1,20,000 பேர், அதில் 20,000ஐ இனவிருத்திக்கு வைத்துக்கொண்டு, ஒரு லட்சத்தைப் பணக்காரர் சாப்பாட்டு மேசைக்கு விற்கலாம். திட்டம் போடுகிற அதிகாரியின் நிதானமான குரலை எடுத்துக்கொண்டு, ஒரு இடத்திலும் கோபப்படாமல் எழுதினார். கோவரின் அங்கதத்தில் ஏழை மிருகமானான். இங்கே ஏழையை மிருகமாக எண்ணுகிறவனின் கணக்குப் புத்தகமே அம்பலமானது.

அதே ஸ்விஃப்ட் 1726இல் எழுதிய கலிவரின் நான்காம் பயணத்தை நிறுத்தி வாசியுங்கள். பகுத்தறிவுக் குதிரைகளின் நாடு. பொய்க்குச் சொல்லே இல்லாத சமூகம் என்று நோட்ஸ் சொல்லும். நோட்ஸ் சொல்லாதது: அங்கே வெள்ளை, செம்பழுப்பு, இரும்புச் சாம்பல் நிறக் குதிரைகள் பிறப்பால் வேலைக்காரர்கள். கறுப்பும் இன்னும் இரண்டு நிறங்களும் எஜமானர்கள். திறமையே பிறப்பில் வேறு என்கிறார்கள். வேலைக்காரக் குதிரை தன் இனத்துக்கு வெளியே துணை தேட நினைப்பதே இல்லை. மேல்குடிக் குதிரைகள் ஆணொன்று பெண்ணொன்றோடு நிறுத்திக்கொள்ளும். வேலைக்காரக் குதிரைகள் மும்மூன்று பெறலாம், வீட்டு வேலைக்கு ஆள் வேண்டுமே. திருமணத்தில் நிறம் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். சாதியின் சாரம் அகமணம் என்று அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சொன்னார். 190 வருடம் முன்பே அதை ஒருவர் லட்சிய நாடாக வரைந்து வைத்திருக்கிறார். ஸ்விஃப்ட் இதைப் போற்றுகிறாரா, கேலி செய்கிறாரா என்று விமர்சகர்கள் இன்றும் இரண்டு அணியாக நிற்கிறார்கள். எனக்குக் கேலி என்றே படுகிறது, முடிவைப் பார்த்தால்.

அந்த நாட்டிலிருந்து கலிவரை வெளியேற்றுகிறார்கள். அவன் படகு கட்ட ஆறு வாரம் கூடவே உழைத்தது ஒரு செம்பழுப்பு நிற வேலைக்காரக் குதிரை. கரையில் நின்று அன்போடு வழியனுப்பியதும் அதுதான். கலிவரோ யாஹூக்களின், அதாவது தன்னைப் போன்ற உருவமுள்ளவர்களின், தோலைத் தைத்த படகில் ஏறிப் போகிறான். வீடு திரும்பியதும் மனைவி மக்களின் வாடையே தாங்கவில்லை. ஒரே அறையில் அவர்கள் சாப்பிடக் கூடாது. இரண்டு குதிரை வாங்கி லாயத்தில் கட்டி, தினம் நான்கு மணி நேரம் அவற்றோடு பேசுகிறான். ஐந்து வருடம் கழித்தும் அவன் ரொட்டியை அவர்கள் தொட முடியாது. அவன் குடிக்கிற கிண்ணத்தில் அவர்கள் குடிக்க முடியாது.