ஆங்கில எதிர்மறைக்குத் தமிழே ஏணி

(வட்டத்தின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகக் கவிதையையே பேசிவரும் இவ்வரங்கில் ஆங்கில இலக்கணம் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நம்மில் பலர் ஆசிரியர்கள், சிலர் மொழிபெயர்ப்பாளர்கள், ஏனையோர் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவோர். ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவன் அடிக்கடி இடறும் இடம் எதிர்மறை வாக்கியம். அங்கே அவனுக்குக் கைகொடுக்க வல்லது அவனுடைய தாய்மொழியே என்பதைத்தான் இன்று சொல்ல விழைகிறேன்.

'ஐ வென்ட்' என்றால் 'நான் போனேன்'. அதை மறுக்க, 'ஐ டிட் நாட் வென்ட்' என்று மாணவன் எழுதுகிறான். 'டிட் வந்தால் வென்ட் வராது' என்று சிவப்பு மையால் திருத்துகிறோம். விதி சரியே, ஆனால் காரணம் சொல்வதில்லை. அவனைத் தமிழில் கேட்டுப் பாருங்கள். 'போனேன்' என்பதை மறுக்கச் சொன்னால் 'போகவில்லை' என்பான். 'போனவில்லை' என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. மறுக்கும்போது 'போனேன்' என்னும் வினைமுற்று தன் காலத்தை உதறி, 'போக' என்னும் எச்சமாகிறது. ஆங்கிலத்திலும் 'வென்ட்' தன் காலத்தைத் துறந்து, 'கோ' என நிற்கிறது. வேறுபாடு ஒன்றுதான்: தமிழில் அவ்வாறு உதறிய காலத்தை எச்சொல்லும் ஏந்துவதில்லை, ஆங்கிலத்தில் 'டூ' என்னும் துணைவினை அதை வாங்கிக்கொண்டு 'டிட்' ஆகிறது.

அடுத்த பிழை, 'ஹி டஸ் நாட் கோஸ்'. இதற்கும் விடை நம்மிடமே உண்டு. 'அவன் போவான்' என்பதன் மறுப்பு 'அவன் போக மாட்டான்'. 'ஆன்' விகுதி முதல்வினையை விட்டு இறங்கித் துணைவினையில் ஏறிக்கொள்கிறது. 'போவான் மாட்டான்' என்று இரண்டிலும் விகுதி வைப்போமா? அதுபோலவே 'கோஸ்' என்பதில் இருந்த 'ஸ்' ஒலி 'டஸ்' மீது ஏறிவிட்டது. 'இஸ்', 'கேன்', 'வில்' முதலியவை முன்பே இருக்கும் வாக்கியங்களில் 'டூ'வுக்கு வேலையில்லை. அவற்றின் பின்னே 'நாட்' சேர்த்தால் போதும்.

'டூ' ஆங்கிலத்தில் தொன்றுதொட்டு இப்பணியைச் செய்ததன்று. பழைய ஆங்கிலத்தில் 'நெ' என்னும் சிறுசொல் வினைக்கு முன் நின்று மறுத்தது. அது வலுவிழக்க, 'ஒன்றுமில்லை' என்னும் பொருளுடைய வேறொரு சொல் துணைக்கு வந்து, சுருங்கி 'நாட்' ஆகி, வினைக்குப் பின் அமர்ந்தது. ஷேக்ஸ்பியர் காலத்தில் 'ஐ நோ நாட்', 'ஐ டூ நாட் நோ' என்னும் இரண்டும் வழங்கின. மறுப்புச் சொற்கள் இப்படித் தேய்ந்தும் புதுக்கப்பட்டும் வருவதை டென்மார்க்கு அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் 1917ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார். தமிழிலும் 'செய்யேன்' என்பதன் இடத்தைப் பேச்சில் 'செய்ய மாட்டேன்' பிடித்துக்கொண்டது. மொழிபெயர்க்கும் கவிஞர்கள் இதை மனங்கொள்ள வேண்டும். 'ஐ நோ நாட்' என்பதற்கு 'அறியேன்' பொருந்தும். 'ஐ டூ நாட் நோ' என்பதற்கு 'எனக்குத் தெரியாது' போதும்.

'நாட்' என்றால் 'இல்லை' என்று ஒற்றைப் பொருள் கற்பிப்பதுதான் பெருந்தீங்கு. 'அவர் இங்கே இல்லை', 'அவர் கவிஞர் அல்லர்', 'இது கவிதை அன்று' என நாம் பிரித்துச் சொல்லும் மூன்றையும் ஆங்கிலம் 'இஸ் நாட்' என்று ஒன்றாகவே சொல்லும். மாறாக, 'யாரும் வரவில்லை' என்பதில் மறுப்பு ஈற்றில் மட்டுமே உள்ளது. 'நோபடி' என்னும் சொல்லுக்குள்ளேயே மறுப்பு அடங்கியிருப்பதால், அதன்பின் 'நாட்' வேண்டியதில்லை.

பொருளே தலைகீழாகும் இடங்களும் உண்டு. 'நீங்கள் வர வேண்டும்' என்பது 'யூ மஸ்ட் கம்'. ஆனால் 'யூ மஸ்ட் நாட் கம்' என்றால் 'வர வேண்டியதில்லை' என்று பொருளன்று. 'வரக்கூடாது' என்று பொருள். முதியவர் ஒருவருக்குச் சிரமம் தர விரும்பாமல் அன்பாக இதை எழுதியவர், கதவை அடைத்தவராகிவிடுவார். அங்கே வேண்டியது 'நீட் நாட்'.

இன்னும் ஆபத்தானது எதிர்மறை வினா. 'நீங்கள் அங்கே இல்லையா?' என்றால், இல்லாதவர் தமிழில் 'ஆமாம், இல்லை' என்பார். கேட்டவரின் கூற்றை ஒப்புகிறார். ஆங்கிலத்தில் 'யெஸ்' என்றால் 'இருந்தேன்' என்றே கொள்ளப்படும். சாட்சிக் கூண்டிலும் மருத்துவர் முன்னிலையிலும் இந்த ஒரு சொல் எத்தனை கேடு விளைக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்! 'நோ, ஐ வாஸ் நாட்' என்று வாக்கியத்தை முழுமையாகச் சொல்லவே மாணவரைப் பழக்க வேண்டும்.

ஆங்கில வகுப்பில் தமிழ் ஒலிக்கலாகாது என்பார் உளர். 'போகவில்லை' என்னும் ஒரு சொல்லைக் கரும்பலகையில் எழுதிவிட்டு 'டிட் நாட் கோ'வை விளக்கிப் பாருங்கள். விதியாக மனப்பாடம் செய்தது அப்போது விளக்கமாக மனத்தில் பதியும். ஆசிரியராகவும் கவிஞராகவும் விளங்கும் நம் உறுப்பினர்கள் இதைச் செய்ய வேண்டும் எனக் கேட்டு அமைகிறேன்.