துடுப்பேந்திய கை



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஒரு படகோட்டியின் வரலாற்றைப் பேச எடுத்துக்கொண்டோம். பெற்றோரின் தொழிலைச் சொல்லக் கூசும் இளைஞர் நம்மிடையே இன்றும் உளர். அவர்கள் பொருட்டே இவ்வரலாறு.

ருமேனியாவில், டான்யூப் ஆறு கருங்கடலில் கலக்கும் கழிமுகத்தில் மிலா 23 என்றொரு சிற்றூர் உண்டு. அங்கு வாழ்வோர் லிப்போவர் என்னும் சிறுபான்மையினர். 17ஆம் நூற்றாண்டில் ருசியத் திருச்சபை புகுத்திய வழிபாட்டு மாற்றங்களை ஏற்க மறுத்து, ஒடுக்குமுறைக்கு ஆளானோரின் வழித்தோன்றல்கள். நீர்க்கால்களும் நாணற்காடுகளும் சூழ்ந்த அவ்வூரில் மீன்பிடித்தலே பிழைப்பு, படகே போக்குவரத்து. அங்கே 1949 நவம்பர் 26இல், மீனவர் குடும்பத்தில் பிறந்தவர் இவான் பட்சாய்கின்.

கனூ என்னும் பந்தயப் படகில் ஒரு முழங்காலை ஊன்றி நின்று, ஒற்றை அலகுத் துடுப்பால் ஒரே பக்கம் வலிக்க வேண்டும். சுக்கான் கிடையாது, படகை நேரே செலுத்துவதும் அத்துடுப்பே. நீரோடு வளர்ந்த கைக்கு அந்நுட்பம் எளிதில் வசப்பட்டது. அக்கையை உலக அரங்கிற்கு உயர்த்தியது ஓயாத பயிற்சி.

1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில், தம் ஊரினரான செர்கேய் கோவாலியோவுடன் இணைந்து 1000 மீட்டர் இருவர் பந்தயத்தில் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 18. 1972இல் மியூனிக்கில், ஒருவர் பந்தயத்தின் முதற்சுற்றிலேயே துடுப்பு முறிந்தது. அவர் கரை திரும்பவில்லை. எஞ்சிய துண்டால் வலித்தே எல்லைக்கோட்டைக் கடந்தார். அதனால் மறுவாய்ப்புச் சுற்றில் இடம் கிடைத்தது; இறுதியில் தங்கமும் கிடைத்தது!

1976இல் மான்ட்ரியலிலிருந்து வெறுங்கையுடன் திரும்பினார். ஆயினும் துடுப்பைக் கீழே வைத்தாரில்லை. 1980இல் மாஸ்கோவிலும் 1984இல் லாஸ் ஏஞ்சலசிலும், டோமா சிமியோனோவுடன் மீண்டும் தங்கம் வென்றார். ஐந்து ஒலிம்பிக் போட்டிகள். நான்கு தங்கம், மூன்று வெள்ளி. பின்னர்ப் பயிற்சியாளராகிப் பல வீரர்களை உருவாக்கினார்.

புகழ் அவரை ஊரிலிருந்து பிரித்துவிடவில்லை. முதுமையில் கழிமுகத்து இயற்கையையும் மக்களின் வாழ்வையும் காக்க முனைந்தார். மீனவரின் மரப்படகையும் பந்தயக் கனூவையும் இணைத்த புதுவகைப் படகு அம்முயற்சியில் உருவாயிற்று. 2021 செப்டம்பர் 5இல் அவர் மறைந்தார். வரைபடத்தில் தேடிக் காண வேண்டிய சிற்றூரின் பெயர் அவரால் நிலைத்தது.

இளைஞர்களே! பிறப்பைக் காட்டிச் சுமத்தப்படும் தொழிலிலேயே நாம் கிடக்க வேண்டும் என்று கூற வரவில்லை. அத்தளையை அறுக்கவே கல்வி. ஆனால் உழைத்த கைகளில் குடியிருக்கும் அறிவு இழிவன்று. இழிவென்று சொன்னவர் சொல்லே இழிவு. அவ்வறிவோடு கல்வியும் பயிற்சியும் சேரட்டும். இடையில் துடுப்பு முறிந்தாலும், எஞ்சிய துண்டால் வலித்துக் கரை சேர்வோம். சேர்ந்தபின் ஊரை மறவாதிருப்போம்.