குருதிப் புட்டியில் ஒட்டிய சீட்டு



இரண்டாம் உலகப் போர் என்றால் ஹிட்லர், சர்ச்சில், ரூஸ்வெல்ட், ஸ்டாலின் என்று பெயர்களை அடுக்குவோம். கருவிகள் என்றால் அணுகுண்டு, ராடார். நான் பேச வந்திருப்பது ஒரு புட்டியைப் பற்றி. அதில் இருந்தது குருதி.

1940-ல் ஜெர்மன் விமானங்கள் இலண்டன் மீது குண்டு வீசிக்கொண்டிருந்தன. காயம்பட்டவர்களுக்குக் குருதி வேண்டும். அமெரிக்கா அப்போது இன்னும் போரில் இறங்கவில்லை. ஆனால் உதவ முன்வந்தது. முழுக் குருதியைக் கப்பலில் ஏற்றி அனுப்ப முடியாது, சில நாட்களில் கெட்டுவிடும். சிவப்பணுக்களைப் பிரித்து எடுத்துவிட்டால் மிஞ்சுகிற வெளிர்மஞ்சள் நீர்தான் பிளாஸ்மா. அது நீண்ட நாள் தாங்கும். பலருடையதை ஒன்றாகக் கலந்து வைத்தால், எந்த வகைக் குருதி உள்ளவருக்கும் ஏற்றலாம். குண்டடிபட்டு அதிர்ச்சியில் கிடப்பவரைப் பிழைக்க வைக்க அது போதும்.

இந்தப் பணிக்குத் தலைமை ஏற்க அழைக்கப்பட்டவர் சார்லஸ் ட்ரூ. வாஷிங்டனில் 1904-ல் பிறந்த கருப்பினத்தவர். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தவர். குருதியைச் சேமித்து வைப்பது பற்றித்தான் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து, அதே 1940-ல் பட்டம் பெற்றிருந்தார். மெக்கில்லில் அவருக்குப் பாடம் சொன்ன ஜான் பீட்டி அப்போது பிரிட்டனில் இருந்தார். பிளாஸ்மா கேட்டு ட்ரூவுக்குத் தந்தி அடித்தவர்களில் அவரும் ஒருவர். சுமார் ஐந்து மாதங்களில், ஏறத்தாழ 14,500 பேர் கொடுத்த குருதியிலிருந்து 5,000 லிட்டருக்கும் மேல் பிளாஸ்மா கடல் கடந்து போனது. எங்கே எடுத்தாலும் ஒரே முறை, ஒரே சோதனை, கிருமி புகாத கையாளல் என்று அந்த வேலைக்கே ஓர் ஒழுங்கை உண்டாக்கினார் ட்ரூ.

1941 பிப்ரவரியில் செஞ்சிலுவைச் சங்கத்தின் குருதி வங்கிக்கு அவரே இயக்குநர். ஆனால் அமெரிக்கப் படைகளுக்காகக் குருதி திரட்டிய அதே ஆண்டில், கருப்பினத்தவரின் குருதி வேண்டாம் என்றார்கள். அதாவது வங்கியைக் கட்டியவரின் குருதியே அந்த வங்கிக்கு ஆகாது!

கருப்பின மக்களின் அமைப்புகளும் பத்திரிகைகளும் கொதித்தெழுந்தன. 1942 ஜனவரியில் ஒரு 'சலுகை' வந்தது: வாங்கிக்கொள்கிறோம், ஆனால் தனியாக வைப்போம். புட்டியில் சீட்டு ஒட்டினார்கள். தீட்டு என்றால் என்னவென்று இந்த அரங்கில் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. குருதியில் ஏ, பி, ஓ என்ற வகைகள் உண்டு என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காட்டிய கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் அப்போது நியூயார்க்கில்தான் இருந்தார். அறிவியல் எட்டாத இடத்தில் நடந்ததல்ல இது. யூதக் குருதி, ஆரியக் குருதி என்று பிரித்த நாஜிகளை எதிர்த்துப் போரிட்ட படையில் நடந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ட்ரூ இதை எதிர்த்துப் பதவியை உதறினார் என்று சொல்வார்கள். அவர் 1941-லேயே ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி, கருப்பின அறுவை மருத்துவர்களை உருவாக்கும் வேலையில் இறங்கிவிட்டார். அது முன்பே முடிவு செய்திருந்த பணி. இந்தப் பிரிவினைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று பின்னர் வெளிப்படையாகவே கண்டித்தார். இன்னொரு கதை, 1950 ஏப்ரல் 1 அன்று வட கரோலினாவில் கார் விபத்தில் சிக்கிய அவரை வெள்ளையர் மருத்துவமனை சேர்க்க மறுத்ததால் இறந்தார் என்பது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினேன். உண்மையில் வெள்ளை மருத்துவர்கள் அவரைக் காப்பாற்ற முயன்றார்கள். காயம் அவ்வளவு கடுமை. அப்படித் திருப்பி அனுப்பப்பட்டு இறந்த கருப்பினத்தவர் அந்நாட்டில் உண்டு, அதனால்தான் கதை நிலைத்தது. ஆனாலும் நாம் பொய்யைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டு ஒன்பது உண்மையையும் தள்ளிவிடுவார்கள்.

ட்ரூ இறந்த அதே ஆண்டின் இறுதியில்தான் செஞ்சிலுவைச் சங்கம் அந்தச் சீட்டை அகற்றியது. அதோடு முடிந்ததா? 1958-ல் லூசியானா மாநிலம், குருதிப் புட்டியில் கொடுத்தவரின் இனத்தைக் குறிக்க வேண்டும் என்று சட்டமே போட்டது. அது நீக்கப்பட்டது 1972-ல்.